உச்சிக்குழியும் அளவு நாடாவும்

திருமங்கலத்தில் மதுரைப் பேருந்து ஏறி, கப்பலூரையும், 2019 ஜனவரியில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பெற்ற தோப்பூர்ப் பக்கத்தையும் கடந்து, பெரியார் பேருந்து நிலையத்தில் வண்டி மாறிக் கோரிப்பாளையத்தில் இறங்கினால், எங்கள் ஊரார் இன்றும் பெரியாஸ்பத்திரி என்றே சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனை. குழந்தைகளின் மூளையிலும் முதுகுத்தண்டிலும் ரணசிகிச்சை செய்கிறவர்களின் தொழிலைச் சாவகாசமாகப் பார்க்க வேண்டும் என்ற நெடுநாள் விருப்பத்தோடு போன நான், வைத்தியரின் மேஜைமீது முதலில் கண்டது ஒரு சாதாரண அளவு நாடாவைத்தான்.

பேரையூர்ப் பக்கத்திலிருந்து நான்கு மாதச் சிசு ஒன்றைத் தாயும் அப்பத்தாவும் கொண்டுவந்திருந்தார்கள். குழந்தை அழுதுகொண்டிருந்தது, வைத்தியர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அழும் குழந்தைக்கு உச்சிக்குழி புடைப்பது இயல்பாதலால், அழுகை ஓய்ந்து, தாயின் தோளில் நிமிர்ந்தபடி அது அமைதியான பிறகே, நடுவிரலின் நுனியை அங்கே மெல்ல வைத்துப் பார்த்தார். பள்ளமாக இருக்க வேண்டிய இடம் இறுகிப் புடைத்திருந்தது. கண்மணிகள் கீழிமைக்குள் இறங்கி, மேலே வெண்விழி தெரிந்தது. புருவத்துக்கு மேலாகவும் பிடரியின் புடைப்பைச் சுற்றியும் நாடாவை ஓட்டினார்: 46 சென்டிமீட்டர். அந்த வயதில் ஏறக்குறைய 41 இருந்தால் போதும்.

"பெரிய தலை, கலெக்டரா வருவான்னு ஊரே சொல்லுச்சு சாமி" என்றாள் கிழவி.

"வரட்டும் ஆத்தா, முதல்ல தண்ணிய எறக்கிருவோம்" என்றார் அவர்.

பிறந்த குழந்தையின் தலை, முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 சென்டிமீட்டர் வீதம் வளரும். அதற்குமேல் துரிதமாக வளர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். தடுப்பூசி போடும் நாளில் செவிலியரிடம் தலையளவையும் எடுத்து அட்டையில் குறிக்கச் சொல்லிக் கேட்பதற்குக் காசு செலவில்லை, கேட்கிறவர்கள்தாம் அபூர்வம்.

மூளையின் உள்ளறைகளில் இடைவிடாமல் ஒரு தெளிந்த நீர் ஊறி, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் வரை சுரந்து, ரத்தத்தில் கலந்துவிடுகிறது. வழி அடைபட்டால், மடை அடைத்த கண்மாய் போல் உள்ளே தேங்கி, இன்னும் கூடாத கபால எலும்புகளை விலக்கிக்கொண்டு தலையைப் பெருக்கச் செய்கிறது. பரிகாரம், 'ஷண்ட்' என்னும் மெல்லிய சிலிகான் குழாய்: மூளையறையிலிருந்து புறப்பட்டு, காதுக்குப் பின்னால் ஒரு வால்வைத் தாண்டி, கழுத்திலும் மார்பிலும் தோலுக்கடியே இறங்கி, வயிற்றறையில் நீரை விடும். குழந்தை வளருமே என்று வயிற்றுக்குள் குழாயை நீளமாகவே விட்டுவைப்பார்கள்.

1950-களில் ஃபிலடெல்ஃபியாவில் இதே நோயுற்ற தன் மகனுக்காக வால்வு செய்ய முனைந்த ஜான் ஹோல்டர், வைத்தியரல்லர், ஓர் இயந்திரத் தொழிலாளி. நம் நாட்டில் உத்தரப்பிரதேசத்து ஷாஜஹான்பூரில் தயாராகும் சாப்ரா குழாயை, அதைப் போல் பன்மடங்கு விலையுள்ள அமெரிக்கக் குழாயோடு உகாண்டாவில் ஒப்பிட்டுப் பார்த்து, ஓராண்டுப் பலனில் பேதமில்லை என்று பெஞ்சமின் வார்ஃப் என்ற வைத்தியர் 2005-இல் வெளியிட்டார். விலையுயர்ந்ததே உசத்தி என்ற நம்மவர் மயக்கத்துக்கு இது நல்ல மருந்து.

வேலூரில் 1949-இல் ஜேக்கப் சாண்டியும், மறுவருஷம் சென்னையில் பி. ராமமூர்த்தியும் தொடங்கிவைத்த மூளை ரணசிகிச்சைத் துறையில், கத்தி பிடிப்பதைவிடக் கிருமியைத் தடுப்பதே பெரும் பிரயாசை என்பதை அன்றுதான் அறிந்தேன். குழந்தையின் கேஸையே காலையில் முதலாவதாக எடுப்பது, அரங்கின் கதவை அடிக்கடி திறக்கவிடாதது, குழாயைக் கடைசி க்ஷணத்தில் பிரிப்பது, சிசுவின் உடல் குளிர்ந்துபோகாதபடி மயக்க வைத்தியர் காப்பது என ஒவ்வொன்றும் ஒரு நியமம். அப்படியும் குழாய் அடைபடலாம். வாந்தியும் மந்தமும் கண்டால் இரவென்று பாராமல் ஓடிவர வேண்டும் என்று தாய்மார்களுக்குச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்த வார்டு செவிலியரை, இந்தத் தொழிலின் சரிபாதி உரிமைக்காரர் என்றே எண்ணுகிறேன்.

அந்த வார்டின் ஒரு கட்டிலில், முதுகில் நீர்க்கட்டியோடு பிறந்த சிசுவொன்று குப்புறக் கிடந்தது. கரு உருவான 28 நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டிய தண்டுவடக் குழல் திறந்தே நின்றுவிட்டதன் விளைவு அது. அந்த நாட்களில் தான் கர்ப்பிணி என்பதே பல தாய்மாருக்குத் தெரிந்திராது. இத்தகைய குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மார்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தால் மறுபடி நேர்வது நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது என்பதை 1991-இல் பிரிட்டிஷ் ஆய்வு நிரூபித்துவிட்டது. எனவே, பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்கள், நாள் தள்ளிப்போன பிறகு மாத்திரையைத் தேடாமல், ஒரு மாதமாவது முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் சாப்பிடுங்கள். முன்பு இக்குறையோடு குழந்தை பெற்றவர்களுக்கு அளவு அதிகம், அதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.