மங்கலம்பேட்டைச் சாலையில் ஒரு கேசட்டின் மதிப்பு

சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் வந்து, உளுந்தூர்பேட்டையில் பிரிந்து விருத்தாசலம் போகும் பேருந்துகள் நடுவழியில் மங்கலம்பேட்டையைத் தொட்டுச் செல்கின்றன. விருத்தாசலத்தில் பழமலைநாதரைக் கும்பிடப் போகிறவர்களும், பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும் மொத்தமாக வாங்கப் போகிறவர்களும் இங்கே இறங்குவதில்லை. பயண நூல்களும் இந்தப் பேரூராட்சியைக் கண்டுகொள்வதில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் பழைய வீடியோ கேம்களைச் சேகரிப்பதும் கைமாற்றுவதும் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்க, சென்னை ரிச்சி தெருவைவிட இப்படிப்பட்ட சாலையே பொருத்தமான இடம் என்பது என் எண்ணம். கோயிலும் பீங்கான் சூளையும் உள்ள ஒரு பெரிய ஊர், அதைச் சார்ந்த சின்னக் கடைத்தெருக்கள், சுற்றிலும் முந்திரித் தோப்பு. இந்த நிலத்துக்கு ஜப்பானின் விளையாட்டுப் பெட்டியான நின்டெண்டோ வந்ததே இல்லை. வந்தது அதன் நகல். அந்த நகலைத்தான் நாம் தேடிப் பிடித்து, பெயர் எழுதி, ஓடும் நிலையில் காப்பாற்ற வேண்டும். அசலை மட்டுமே மதிக்கும் உலகச் சந்தையின் அளவுகோலை நாம் கடன் வாங்கினால், நம்முடைய சொந்த வரலாற்றை நாமே பழைய இரும்புக் கடைக்கு எடைபோட்டு அனுப்பிவிடுவோம்.

அந்த அளவுகோல் எப்படிப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனம், பிரிக்காத உறையோடு இருந்த ஒரு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேசட்டை 6,60,000 டாலருக்கு விற்றது. அதே ஆண்டு ஜூலையில் சூப்பர் மாரியோ 64 விளையாட்டின் ஒரு பிரதி 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. இரண்டும் அபூர்வமான விளையாட்டுகள் அல்ல. உலகெங்கும் கோடிக்கணக்கானவர்கள் ஆடியவை. விலை ஏறியது பிரிக்கப்படாத உறைக்கு. அந்த உறைக்குத் தனி நிறுவனம் ஒன்று மதிப்பெண் போட்டுக் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தந்ததற்கு. இந்தக் கணக்கில், எவரும் தொடாத, ஒரு தடவைகூட டிவியில் செருகாத கேசட்டே உச்ச மதிப்புப் பெறுகிறது. ஆடி ஆடி லேபிள் தேய்ந்து, பின்பக்கம் யாரோ ஒரு பையன் பேனாவால் பெயர் எழுதிய கேசட் கடைசி வரிசைக்குப் போகிறது. விளையாடுவதற்காகச் செய்த பொருளை விளையாடாமல் வைத்திருந்ததற்குப் பரிசு தரும் சந்தை அது. பணமுதலீடு என்று பார்த்தால் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். வரலாறு என்று பார்த்தால் இல்லை.

நம் ஊர்களுக்கு அசல் வராததற்குக் காரணம் ரசனைக் குறைவு அல்ல, விலை. நின்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டி 1983 ஜூலையில் ஜப்பானில் 14,800 யென்னுக்கு வெளிவந்தது. அதன் வெளிநாட்டு வடிவமான என்இஎஸ்ஸையும் சேர்த்தால் உலகில் ஏறத்தாழ 6 கோடியே 19 லட்சம் பெட்டிகள் விற்றன. அந்தக் கணக்கில் கடலூர் மாவட்டம் எங்கும் இல்லை. 1995இல் சேகா நிறுவனத்தின் பெட்டிகளை இந்தியாவில் விற்கும் உரிமையை ஷா வாலஸ் பெற்றபோது, ஒரு பெட்டி 18,000 ரூபாய் அளவில் நின்றது. அன்றைய 18,000 ரூபாய் விருத்தாசலம் வட்டாரத்தில் ஒரு சிறு விவசாயக் குடும்பத்துக்கு எத்தனை மாத வருமானம் என்று விளக்கத் தேவையில்லை. அந்த இடைவெளியைத் தைவானிலும் சீனாவிலும் செய்த நகல் பெட்டிகள் நிரப்பின. இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1992இல் ரஷ்யாவில் டென்டி, போலந்தில் பெகாசஸ், சீனாவில் சுபோர் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நகல் உண்டு. இந்தியாவில் மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்கள். நம் வீடுகளில் அதற்கு ஒரே பெயர்தான், டிவி கேம். செருகும் தகடு கேசட், கையில் பிடிப்பது ரிமோட். பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் மொத்தமாக இறங்கியது திருவிழாக் கடை வரைக்கும், பேருந்து நிலைய ஃபேன்சி ஸ்டோர் வரைக்கும் வந்தது.

நகல் என்றதும் மட்டம் என்று முடிவுகட்டுகிறவர்கள் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். ஜப்பானின் என்டிஎஸ்சி டிவி நொடிக்கு 60 படம் காட்டும். ஃபாமிகாம் ஒவ்வொரு படத்தையும் 262 வரிகளில் வரையும். இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இருந்த பிஏஎல் முறையில் நொடிக்கு 50 படம், படத்துக்கு 312 வரி. ஐரோப்பாவுக்காக நின்டெண்டோ பெட்டியை மாற்றியபோது செயலியின் வேகம் நொடிக்குச் சுமார் 17.9 லட்சம் துடிப்பிலிருந்து 16.6 லட்சத்துக்கு இறங்கியது. ஒரு வரி வரையும் நேரத்தில் செயலிக்குக் கிடைத்த 113 சொச்சம் துடிப்பு 106 சொச்சமாகக் குறைந்தது. ஜப்பானில் எழுதிய விளையாட்டுகள் அந்த நேரக்கணக்கை நம்பி எழுதப்பட்டவை. கணக்கு தவறினால் சிலவற்றில் படம் நடுங்கும், பாட்டின் சுருதி இறங்கும். தைவானின் யுஎம்சி நிறுவனம் பிஏஎல் நாடுகளின் நகல் பெட்டிகளுக்கென்று செய்த சில்லுகள் வேறு வழியில் போயின. வேகத்தை 17.7 லட்சத்தில் நிறுத்தி, வரிக்கு 113 சொச்சம் என்ற பழைய விகிதத்தை அப்படியே காத்தன. கூடுதலாக வந்த 50 வரிகளை, படம் வரைந்து முடிந்து செயலிக்கு அடுத்த வேலைக்கான அழைப்பு போகும் முன் வெறும் காத்திருப்பாக வைத்தன. ஆட்டம் கொஞ்சம் மெதுவாக நகரும், உண்மைதான். ஆனால் ஜப்பானியக் கேசட் நம் டிவியில் சிதறாமல் வரும், பாட்டு சுருதி மாறாமல் கேட்கும். பெயர் தெரியாத ஒரு பொறியாளர் நம்மைப் போன்ற நாடுகளின் டிவியை நினைத்துப் பார்த்து எடுத்த முடிவு அது. இந்தப் பொறியியலைப் பற்றித் தமிழில் யாரும் எழுதவில்லை என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது.

கேசட்டுகளுக்கும் இதே நியாயம் உண்டு. ‘9999 இன் 1’ என்று லேபிளில் போட்டதைப் பலர் இன்று ஏமாற்று வேலை என்று ஒதுக்குகிறார்கள். உள்ளே தனித்தனி விளையாட்டு சில பத்துகூடத் தேறாது. அதே கான்ட்ரா, அதே மாரியோ, அதே டாங்க் விளையாட்டு வெவ்வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். பட்டியலைக் கூர்ந்து பார்த்தால், பல வரிகள் வெறுமனே திரும்ப வருவதில்லை என்று தெரியும். ஒன்று மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும். இன்னொன்றில் ஆளுக்கு 30 உயிர். மற்றொன்றில் துப்பாக்கி முதலிலேயே கையில் இருக்கும். விளையாட்டின் நிரலில் தொடக்க மதிப்புகளை மாற்றி, அதையே தனி விளையாட்டாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். எந்த விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள், எதை எளிதாக்கினார்கள், எதை விட்டார்கள் என்பது அந்தச் சந்தையில் எந்த வகை ஆட்டம் எடுபட்டது என்பதற்குச் சான்று. படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய ஜப்பானியக் கதை விளையாட்டுகள் அவற்றில் அரிது. எழுத்தே தேவையில்லாத ஓட்டமும் சூடும் பந்தயமும் நிறைய. எந்த மொழிக் குழந்தைக்கும் விற்க வேண்டும் என்ற கணக்கு அந்தப் பட்டியலிலேயே தெரிகிறது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இவை எல்லாம் திருட்டுப் பிரதிகள். அடுத்தவர் உழைப்பைக் கேட்காமல் எடுத்து விற்றவை. இவற்றைக் கொண்டாடுவது திருட்டைக் கொண்டாடுவது அல்லவா? விளையாட்டை எழுதியவருக்கு இதில் ஒரு ரூபாயும் போகவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. இன்று புதிதாக நகல் கேசட் அடித்து அசல் என்று விற்பவரை எந்தச் சேகரிப்பாளரும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அன்றைய நகலைச் சான்றாகக் காப்பது வேறு வேலை. ரோமாபுரிக் காசுகளைப் பார்த்துத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளூரில் அடித்த போலிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. எழுத்து பிழையாக, முகம் கோணலாக இருக்கும் அந்தக் காசுகளை நாணயவியலாளர்கள் உருக்கிவிடவில்லை. அசல் காசு கப்பல் வந்ததைச் சொல்லும் என்றால், போலிக் காசு அந்தப் பணம் இங்கே எவ்வளவு விரும்பப்பட்டது என்பதைச் சொல்லும். இரண்டாவது செய்தி உள்ளூரைப் பற்றியது, அதனால் நமக்கு இன்னும் நெருக்கமானது. விருத்தாசலத்திலிருந்து தெற்கே போனால் வரும் கங்கைகொண்டசோழபுரத்தில், மாளிகைமேட்டு அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. உடைந்த ஓட்டுக்குச் சந்தை விலை கிடையாது. ஆனால் மண்ணும் மெருகும் எந்தச் சூளையினுடையவை என்று தெரிந்தால் ஒரு கடல் வணிகமே தெரியவரும். பீங்கானை வைத்தே பிழைக்கும் வட்டாரத்துக்கு இந்த நியாயத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தைவானில் சில்லு செய்து, சென்னைத் துறைமுகம் வழியாக வந்து, மங்கலம்பேட்டை போன்ற ஊர்களின் கடைத்தெருவில் விலைபோன ஒரு நகல் பெட்டியும் அப்படி ஒரு வணிகத் தடத்தின் ஓடுதான்.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. எல்லா விளையாட்டும் பழைய பெட்டியைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருளில் கைபேசியிலேயே ஓடுகிறதே, பெட்டியை எதற்குக் கட்டி அழ வேண்டும்? வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. அந்தக் கணக்கே முறைப்படி வெளியானவற்றுக்கு மட்டும்தான். நம் கேசட்டுகள் அந்தப் பட்டியலில் தொலைந்தவையாகக்கூட இடம்பெறவில்லை. அதனால் எமுலேட்டரில் ஓட்டுவதற்கே முதலில் யாராவது கேசட்டைக் காப்பாற்றி அதன் நிரலைப் பிரித்தெடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் சில விஷயங்கள் அதில் அகப்படா. வாத்து சுடும் விளையாட்டின் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த மின்னலைப் பிடித்தால் வாத்து விழும். அந்த உணரி குழாய் டிவியின் வேகமான ஒளித் துடிப்புக்காகச் செய்தது. எல்இடி டிவியில் அந்தத் துடிப்பு இல்லை, படமும் தாமதமாக வருகிறது. அதனால் எத்தனை நேராகக் குறிபார்த்தாலும் வாத்து விழாது. பெட்டியைக் காப்பாற்றி டிவியை விட்டால் பாதிதான் காத்தோம் என்று அர்த்தம்.

குழாய் டிவியைக் காப்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு தனி நிலைமை இருக்கிறது. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளை இலவசமாகக் கொடுத்தது. மேல்நாடுகளில் குழாய் டிவி ஒழிந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அதுவரை சாலிடேர், டயனோரா போன்ற டிவிகளைப் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தவர்களின் வீட்டுக்கே வண்ணத் திரை வந்தது. செய்திக்கும் தொடருக்கும் போக மிஞ்சிய நேரத்தில் அதில் டிவி கேமைச் செருகும் பிள்ளைகளும் பெருகியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. நகல் பெட்டிக்கு நம் சிற்றூர்களில் கிடைத்த இரண்டாம் ஆயுளுக்கு அந்தத் திட்டமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஆக, நம் வரலாற்றில் ஃபாமிகாம் நகலும் அரசு டிவியும் ஒரே ஜோடி. இன்று அந்த டிவிகள் ஒவ்வொன்றாகப் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. குழாயின் கழுத்தில் இருக்கும் செம்புச் சுருளுக்காக அதை உடைக்கிறார்கள். கண்ணாடியில் ஈயம் இருப்பதால் உடைப்பவருக்கும் மண்ணுக்கும் கெடுதல். மின்கழிவு விதிகள் முறையான மறுசுழற்சியைச் சொல்கின்றன, சொல்வது சரியும்கூட. ஆனால் எல்லாவற்றையும் மறுசுழற்சிக்கு அனுப்பும் அவசரத்தில், ஓடும் நிலையில் உள்ள சிலவற்றையாவது பிரித்து வைப்பது யார் பொறுப்பு என்று அந்த விதிகளில் இல்லை. அந்தப் பொறுப்பைச் சேகரிப்பாளர்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கைமாற்று வியாபாரம் விலையை ஏற்றிவிடும், பிள்ளைகள் கையில் இருந்ததைப் பணக்காரர் அலமாரிக்குக் கொண்டுபோய்விடும் என்ற பயமும் நியாயமானது. 2021இன் ஏலங்கள் அதைத்தான் காட்டின. அதற்குத் தடுப்பு, எதற்கு விலை தருகிறோம் என்பதை மாற்றுவதே. உறை பிரிக்காததற்கு அல்ல, ஓடுவதற்கு விலை. புதிதுபோல் மின்னுவதற்கு அல்ல, எங்கே வாங்கியது, யார் வீட்டு டிவியில் ஓடியது, எந்தக் கடையில் பழுதுபார்த்தது என்ற குறிப்புக்கு விலை. பழுதுபார்த்த தழும்பை மறைப்பவரைவிட அதைச் சொல்லி விற்பவருக்கு அதிகம் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் பாகங்களே இதற்கு வழிகாட்டும். பச்சை, நீல உருளையாக நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் வருடங்கள் போனால் காய்ந்து போகும், கசியும்; மாற்றித்தான் ஆக வேண்டும். பக்கத்திலேயே காசுபோல் தட்டையாக இருக்கும் பீங்கான் கண்டன்சர்கள் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும். மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றி, மாற்றியதை எழுதி வைப்பதுதான் நல்ல மெக்கானிக்கின் வேலை. கேசட்டின் வாயில் ஊதுவது அன்றைய வழக்கம். மூச்சின் ஈரம் செம்புப் பல்லை அரிக்கும் என்பதால் இன்று ஸ்பிரிட் தொட்ட பஞ்சு போதும்.

2009இல் ஐதராபாத்தின் அரோனா நிறுவனம் பிளேஸ்டேஷன் 2க்குச் செய்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ போன்ற இந்திய வெளியீடுகளையும், நகல்களோடு சேர்த்து, நாம் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டியின் உற்பத்தியே 2013இல் நின்றுவிட்டது. நாம் தேடாவிட்டால் இந்த வட்டுகளை வேறு எந்த நாட்டுச் சேகரிப்பாளரும் தேடப்போவதில்லை.

கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு மேசை கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. ஓர் இலவச டிவி, ஒரு நகல் பெட்டி, சில கேசட், ஒரு துப்பாக்கி. கண்ணாடிக்குள் பூட்டாமல், வருகிற பிள்ளைகள் பிடித்து ஆடும்படி. டிவியை மாதம் சில முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும், உதிரிக்கு இன்னும் இரண்டு டிவி வேண்டும், ரிமோட்டின் ரப்பரும் அடாப்டரும் வாங்கி வைக்க வேண்டும். அதையும்விட அவசரமானது ஆள். குழாய் டிவிக்கு உயர் மின்னழுத்தம் தரும் எல்ஓடி மின்மாற்றியை மாற்றத் தெரிந்த மெக்கானிக்குகள் உளுந்தூர்பேட்டைக்கும் விருத்தாசலத்துக்கும் இடையிலான இத்தகைய கடைத்தெருக்களில் இப்போது கைபேசிக்குக் கண்ணாடி ஒட்டிப் பிழைக்கிறார்கள். அவர்கள் தொழிலை விட்டுப் போகும் முன் மாதச் சம்பளம் கொடுத்து ஒருவரையாவது அந்த மேசைக்கு அமர்த்தி, அவருக்குப் பக்கத்தில் ஓர் இளைஞரைக் கற்றுக்கொள்ள உட்கார வைக்க வேண்டும்.