பபூரா ஆற்றங்கரை வீடு

அன்புள்ள கயலுக்கு,

பெரியப்பா எழுதுவது. இந்தோனேசியாவின் மேடானில் நீ பார்த்து வைத்திருக்கும் வீட்டின் படங்களை உன் அப்பா காட்டினான். கம்போங் மட்ராஸில், பபூரா ஆற்றை ஒட்டி, முன்னால் மாமரம் நிற்கும் பழைய வீடு. கோயில் நடந்து போகும் தூரம், விலை மலிவு, பத்து வருஷத்தில் இரட்டிப்பாகும் என்கிறார் தரகர். நீ வெளிநாட்டுக்காரி என்பதால் உன் அலுவலக நண்பர் தன் பெயரில் பத்திரம் போட்டு வைத்துக்கொள்வார் என்பதையும் கேட்டேன். வாங்கு, வாங்காதே என்று ஒற்றை வரியில் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த ஊரில் வேலை பார்த்தவன் நான். அந்தக் கரை யார் யார் கையில் இருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அங்கே பத்திரங்கள் ஏன் இத்தனை விதமாக இருக்கின்றன என்பது உனக்குப் புரியும்.

ஊர் பிறந்ததே ஆற்றங்கரையில்தான். காரோ மேட்டுநிலத்தை ஒட்டிய சரிவுகளிலிருந்து வடக்கே இறங்கி வரும் டெலி ஆறும் பபூராவும் கூடும் இடத்தில் குரு பாத்திம்புஸ் என்ற காரோ இனத் தலைவர் குடியேறினார் என்பார்கள். 1590 ஜூலை 1-ஐ ஊரின் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்தக் கிராமத்தை நகரமாக்கியது புகையிலை. 1863-இல் யாகோபஸ் நியன்ஹைஸ் என்ற டச்சு வியாபாரி வந்து பயிரிட்டுப் பார்த்தார். சுருட்டின் மேலே சுற்றுகிற இலைக்கு அந்த மண் அருமையாகப் பொருந்தியது. 1869-இல் டெலி மாட்ஸ்கப்பெய் கம்பெனி எழுந்தது. நிலம் அந்தப் பகுதியை ஆண்ட டெலி சுல்தானுடையது. கம்பெனிகள் அதை விலைக்கு வாங்கவில்லை, நீண்டகாலக் குத்தகையாகப் பெற்றன. பின்னால் வந்த பல வழக்குகளின் வேர் இந்தக் குத்தகைதான்.

நம்மவர்கள் அங்கே போனதும் இந்தப் புகையிலையால்தான். புகையிலைப் பாத்தியில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள். தமிழர்களுக்குக் கிடைத்தவை மாட்டுவண்டி ஓட்டுவது, சாலை போடுவது, வடிகால் வெட்டுவது. பலர் பினாங்கு வழியாக வந்தவர்கள். 1880-இல் டச்சு அரசு போட்ட கூலிச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தின் நடுவில் ஓடிப்போவது குற்றம், அதற்குத் தண்டனையும் உண்டு. அந்த ஊரின் செல்வத்தைப் பேசுகிறவர்கள் இந்தச் சட்டத்தையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் எண்ணம். ஊர் திரும்பாதவர்களில் பலர் பபூராவை ஒட்டிக் குடியேறினார்கள். நீ வெள்ளிக்கிழமை போகிற மாரியம்மன் கோயில் 1884-இல் எழுந்தது. செட்டியார்களும் தமிழ் முஸ்லிம்களும் சீக்கியர்களும் அதே சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்தார்கள். நான் இருந்தபோதும் பாகாருயுங் தெருவில் சாயங்காலம் மார்த்தபாக் சுடும் கல் சூடானதும் ஐந்து மொழிப் பேச்சு காதில் விழும்.

இனி பத்திரம். சுல்தான் தன் குடிகளுக்கு நிலம் கொடுத்தபோது ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார். கிரான் சுல்தான் என்று அதற்குப் பெயர். கம்பெனி தன் பங்குக்கு வேறொரு கிரான் கொடுத்தது. டச்சு அதிகாரி பதிந்து கொடுத்தது மூன்றாவது வகை. 1918 நவம்பர் 30-இல் சுல்தான் கெசாவான், சுங்கை ரெங்காஸ், பெத்திசா ஹுலு, பெத்திசா ஹிலிர் ஆகிய நான்கு கம்போங்குகளை நகராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் அங்கே டச்சு நிலச்சட்டம் படிந்தது. ஒரு குடும்பத்தார் தகரப் பெட்டியிலிருந்து ஒரு கிரானை எடுத்து எனக்குக் காட்டினார்கள். மடிப்புகளில் துணி ஒட்டித் தாங்கிய பழுப்புக் காகிதம், அரபு எழுத்தில் மலாய், கீழே முத்திரை. அளவு மீட்டரில் இல்லை. இன்ன மரம், இன்னாரின் வேலி, ஆறு என்று எல்லை சொல்லியிருந்தது. அந்த வேலிக்காரர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம். ஆறும் எழுதிய நாளில் இருந்த இடத்தில் இல்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1946-இல் கிழக்குச் சுமத்ராவின் சுல்தான் ஆட்சிகள் மக்கள் எழுச்சியில் சரிந்தன. தோட்டங்களில் ஆட்கள் குடியேறினார்கள். 1950-களின் இறுதியில் டச்சு கம்பெனிகள் நாட்டுடைமை ஆயின. 1960 செப்டம்பர் 24-இல் வந்த அடிப்படை நிலச் சட்டம் பழைய உரிமைகளையெல்லாம் புதிய வகைகளாக மாற்றச் சொன்னது. மாற்றியவர்கள் உண்டு, காகிதத்தைப் பெட்டியிலேயே வைத்திருந்தவர்களும் உண்டு. ஒரே மனைக்கு ஒருவர் கிரானோடும், இன்னொருவர் சாமாட் எனும் வட்டார அதிகாரி எழுதித் தந்த கடிதத்தோடும், மூன்றாமவர் நில அலுவலகச் சான்றிதழோடும் வந்து நிற்பது மேடானில் அதிசயமில்லை. சாமாட் கடிதம் உரிமைப் பத்திரம் ஆகாது. நிலவரி கட்டிய ரசீதும் ஆகாது. தரகர் உனக்குக் காட்டியது இவற்றில் எது என்று நீ எழுதவே இல்லையே?

அதே 1960 சட்டம்தான் உன் நண்பர் சொல்லும் யோசனையையும் அடைக்கிறது. ஹக் மிலிக் என்ற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். நேராகவோ மறைமுகமாகவோ அதை வெளிநாட்டவருக்குக் கொண்டு சேர்க்கும் எந்த ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது என்று 26-ஆம் பிரிவு சொல்கிறது. நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் வாரிசுகளிடம் நீ எதைக் காட்டுவாய்? இந்த வழியில் ஒரு ரூபியாகூடப் போடாதே, அம்மா. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

நேரான வழி இருக்கிறது. தங்கும் அனுமதி உள்ள வெளிநாட்டவர் ஹக் பகாய் என்ற பயன்பாட்டு உரிமையில் தன் பெயரிலேயே வீடு வைத்துக்கொள்ளலாம். முதலில் 30 வருஷம், நீட்டிப்பு 20, புதுப்பித்தால் இன்னும் 30. ஒரு குடும்பத்துக்கு ஒரு மனைதான், விலை மாகாணத்துக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருக்கக் கூடாது. நீ அந்த நாட்டை விட்டுக் கிளம்பினால் ஒரு வருஷத்துக்குள் கைமாற்ற வேண்டும். அடுக்குமாடி என்றால் 2020-க்குப் பிறகு வந்த சட்டத்தில் வழி இன்னும் அகலமாயிருக்கிறது. வாங்குபவர் கட்டும் வரி 5 சதவீதம், அதையும் கணக்கில் வை. 'மலிவு' என்று உனக்குச் சொன்ன விலை அந்தக் குறைந்தபட்ச அளவைத் தொடுகிறதா என்பதே எனக்குச் சந்தேகம்.

விலை ஏறும் என்று தரகர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பொலோனியா விமான நிலையம் ஊருக்கு நடுவே இருந்தவரை சுற்றிலும் உயரமான கட்டடம் கட்டத் தடை. 2013 ஜூலை 25-இல் விமானங்கள் குவாலானாமு விமான நிலையத்துக்குப் போய்விட்டன. அதிலிருந்து அந்தப் பக்கத்தில் மாடிகள் எழும்பின, மனை விலையும் கூடியது. ஆனால் உன் வீடு ஆற்றங்கரை. அதற்குத் தனிக் கணக்கு.

மேடானில் வெயில் அடிக்கும்போதே பபூரா பொங்கும். தெற்கே மலைச்சரிவில் பெய்த மழை சில மணி நேரம் கழித்து ஊருக்குள் வரும். 2025 நவம்பர் கடைசியில் சென்யார் புயலின்போது ஊர் மூழ்கியதை நீயே பார்த்தாய். கரைச்சுவர் இல்லாத ஆற்றுக்கு நகருக்குள் கட்டடம் கூடாத பகுதி, ஆழம் 3 மீட்டருக்குள் என்றால் விளிம்பிலிருந்து 10 மீட்டர், 3 முதல் 20 வரை என்றால் 15 மீட்டர். உன் படத்தில் சமையலறைக்கும் தண்ணீருக்கும் நடுவே அவ்வளவு இடம் எனக்குத் தெரியவில்லை. சான்றிதழ் சுத்தமாகவே இருந்தாலும் அந்தப் பகுதிக்குள் புதிதாகக் கட்ட அனுமதி கிடைக்காது.

அடுத்த முறை போகும்போது புதுச் சுண்ணாம்பைப் பார்க்காதே. மின் சுவிட்சுகள் எந்த உயரத்தில் இருக்கின்றன, சுவரின் கீழ்ப்பாதியில் மட்டும் ஓடு பதித்திருக்கிறார்களா, பக்கத்து வீட்டுக்காரர்கள் தரையை எத்தனை முறை மேடாக்கியிருக்கிறார்கள் என்று பார். உன் படத்தில் வாசற்படி தெருவுக்குக் கீழே இறங்குகிறது. தெருவை உயர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள், அந்த வீட்டை யாரும் உயர்த்தவில்லை.

அதோடு, அந்த வீட்டின் பின்கட்டில் ஒரு குடும்பம் இருப்பதாக எழுதியிருந்தாய். தரகர் 'அவர்கள் போய்விடுவார்கள்' என்றாராம். எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள், போய்விடச் சம்மதித்தார்களா, அவர்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று நீயே உட்கார்ந்து கேள். அவர்களிடம் ஒரு கிரான் இருந்தால் நாளைய வழக்கு அது. இல்லாவிட்டாலும் வடிகால் வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை நாம் காசு கொடுத்து வெளியேற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

நான் உன் இடத்தில் இருந்தால் இந்த வருஷம் அதே தெருவில் மாடிப் பகுதி ஒன்றை வாடகைக்கு எடுப்பேன். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம் முழுக்க ஆற்றைப் பார்த்துவிட்டு, பிறகு கோயிலை ஒட்டிய மேட்டுப் பக்கத்தில் ஹக் பகாயாக மாற்றித் தரக்கூடிய வீடு, இல்லையென்றால் உன் பெயரிலேயே ஒரு அடுக்குமாடி வீடு தேடுவேன். அதற்கு முன் நிலப்பத்திர அதிகாரியான நோட்டரியை நீயே அமர்த்து, தரகர் காட்டுகிறவர் வேண்டாம். நில அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்த்து எழுத்தில் வாங்கச் சொல். முன்பணம் எதுவும் கொடுத்துவிட்டாயா என்று உடனே எழுது. சான்றிதழின் நகலையும் அளவுப் படத்தையும் அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன். உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா