சி53 - ஒரு வார்த்தை விட்டுப்போனால்...

சி53.9. பார்த்தால் ஏதோ டவுன் பஸ் நம்பர் மாதிரி இருக்கும். டிகிரி முடித்துவிட்டு மெடிக்கல் கோடிங் வகுப்பில் போய் உட்காருபவர்களுக்குத்தான் தெரியும், அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் எண் என்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் 'சி' என்ற எழுத்தில் தொடங்குபவை எல்லாமே புற்றுநோய்கள்.

சி53 என்றால் கர்ப்பப்பையின் வாய். சி54 என்றால் அதற்கு மேலே உள்ள உடல் பகுதி. சரி, டாக்டர் அவசரத்தில் 'கர்ப்பப்பையில் புற்றுநோய்' என்று மட்டும் எழுதிவிட்டால்? கோடிங் செய்பவர் தானாக ஊகிக்கக் கூடாது. எழுதியிருப்பதற்குத்தான் எண். அதற்கென்றே சி55 இருக்கிறது: கர்ப்பப்பை, பகுதி குறிப்பிடப்படவில்லை!

'வாய்' என்ற ஒரே ஒரு வார்த்தைதானே, விட்டுப்போனால் என்ன என்று தோன்றலாம். ஆனால் இரண்டும் வேறு வேறு நோய்கள். வாய்ப் பகுதியில் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். இதைக் கண்டறிந்ததற்காக ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு. சி54-க்கு அப்படி ஒரு ஊசி கிடையாது.

இன்னொன்று, இந்த நோய் திடீரென்று சி53-ல் வந்து நிற்பதில்லை. முதலில் என்87, செல்களில் மாற்றம். அடுத்து டி06, மேல் படலத்தைத் தாண்டாத புற்று. அதற்குப் பிறகுதான் சி53. இந்தப் படிகளைக் கடக்கப் பொதுவாகப் பல வருடங்கள் ஆகும். நடுவில் ஒரு பரிசோதனை செய்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

அதனால் சி55-க்குப் போகும் மரணங்களில், தடுத்திருக்கக்கூடிய மரணங்களும் கலந்து மறைந்துபோகின்றன. ஆராய்ச்சியாளர்கள் பிறகு அவற்றைத் தோராயமாகப் பிரித்து சி53, சி54-ல் சேர்க்கிறார்கள். 2030-க்குள் 15 வயதுக்குள் 90 சதவீதப் பெண்களுக்குத் தடுப்பூசி என்று 2020-ல் உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்தது. அதை எட்ட, நோய் எங்கே எவ்வளவு என்ற கணக்கு சரியாக இருக்க வேண்டாமா?

நம் ஊர் வீடுகளிலும் இரண்டுக்கும் 'கர்ப்பப்பை கேன்சர்' என்ற ஒரே பெயர்தான். அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கும்போது, எந்த இடம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இல்லையென்றால் டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிவிடலாம். ஒரே ஒரு வார்த்தைதான்...