சீதுவையில் கேட்ட சத்தம்

கொழும்பிலிருந்து நீர்கொழும்புக்குப் போகிற பழைய வீதியில், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குச் சற்று முன்னால் சீதுவை வரும். பேக்கரிகள், தையல் கடைகள், லொத்தர் சீட்டு விற்கிற மேசைகள். பின்னேரமானால் சுதந்திர வர்த்தக வலயத்துப் பெண்பிள்ளைகள் வேலை முடிந்து கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். போர்க்காலத்தில் எங்களுக்கு அந்த ஊரில் ஒரே அலுவல்தான்: பிளேன் ஏறும் வரைக்கும் தங்குவது. வெள்ளவத்தையிலிருந்து இரவில் வெளிக்கிட்டால் வழியெல்லாம் சோதனைச் சாவடி. பெட்டியைக் கிளறி அடுக்கவே நேரம் போய்விடும். அதனால் முதல் நாளே போய் ஒரு லொட்ஜில் அறை எடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கமாக இருந்தது.

2001 ஜூலையில் தங்கச்சியைக் கனடாவுக்கு அனுப்ப அப்படித்தான் போனேன். கலியாணம் பொருந்தி, மாப்பிள்ளை ஸ்பொன்சர் பண்ணிய விசா. பயணம் 24ஆம் திகதி இரவு. நாங்கள் 23ஆம் திகதியே போய்விட்டோம்.

லொட்ஜ் என்றாலும் வீடுதான். சொந்தக்காரி ஒரு சிங்கள அம்மா. முன் அறையில் மாதா படத்துக்குக் கீழே சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் அடையாள அட்டை இலக்கங்களைத் தடித்த கொப்பியில் எழுதிக்கொண்டு பிளேன்ரீ தந்தார். தங்கச்சி கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன நேரம் அந்தச் சத்தம் வந்தது. கிபிர் குண்டுவீச்சு விமானம். விமானப்படைத் தளம் விமான நிலையத்தோடு ஒட்டித்தான் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் தெரிந்திருப்பது காதுக்கு உதவுவதில்லை. கோப்பை சரிந்து, தங்கச்சி மேசைக்குக் கீழே குந்திக்கொண்டாள். வன்னியில் இருந்த காலம் முழுக்க அந்தச் சத்தம் வானத்தில் கேட்டால் பங்கருக்கு ஓடியவள். கிபிர் எங்களிடம் வந்து கொட்டிவிட்டுப் போகிற சத்தம்தான் எங்களுக்குப் பழக்கம். புறப்படுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டோம். வெளியில் வீதியில் போன ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஐஸ்கிறீம் வண்டிக்காரன் மணி அடித்தபடி போனான்.

அந்த அம்மா குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். "பய வெண்ட எபா, துவே," என்றார். பயப்படாதே மகள். பிறகு துணி எடுத்து வந்து தேநீரைத் துடைத்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை.

(தங்கச்சிக்கு இன்றைக்கும் அந்தப் பயம் போகவில்லை. ரொறொன்ரோவில் செப்டெம்பர் தொடக்கத்தில் வாவிக்கு மேலே விமானக் கண்காட்சி நடக்கும். அந்த வார இறுதியில் அவள் பேஸ்மென்டில்தான் சமைப்பாள்.)

விடியப்புறம் மூன்றரை மணி இருக்கும், வெடிச்சத்தம். முதலில் ஒன்று, பிறகு நிற்காமல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எழும்பிப் பார்த்தால் வடக்குப் பக்கம் வானம் செம்மஞ்சளாகக் கிடந்தது. புலிகளின் தற்கொலைப் படையினர் 14 பேர் விமானப்படைத் தளத்துக்குள் புகுந்து, பிறகு பயணிகள் விமானங்கள் நிற்கிற பக்கத்துக்கும் போய்விட்டார்கள் என்பதெல்லாம் வானொலி சொல்லித்தான் தெரியும். எரிந்ததும் சேதமானதுமாக 26 விமானங்கள். தேசிய விமான நிறுவனத்தின் விமானங்களில் பாதி பறக்க முடியாமல் போனது. தமிழருக்கு எதிரான 1983 கலவரம் தொடங்கியதும் இதே ஜூலை 24ஆம் திகதி இரவுதான்.

தங்கச்சி இருட்டில் என் காதுக்குள் கேட்டாள்: "அண்ணா, கிபிரும் எரிஞ்சிருக்குமோ?"

"சத்தம் போடாதை," என்றேன்.

அன்றைக்கு எங்கள் ஆட்களில் பலர் உள்ளுக்குள் சந்தோசப்பட்டார்கள். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. பங்கருக்குள் கிடந்தவன் சந்தோசப்படாமல் என்ன செய்வான்? ஆனால் சீதுவையில், தமிழ்ப் பெயரோடு, ஒரு கொப்பியில் இலக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு இருப்பவனுக்கு அதற்கு இடமில்லை. 83ஐப் பார்த்தவர்களுக்கு அடுத்தது என்ன என்ற எண்ணம்தான் வரும். அந்த முறை ஊர் எங்கள் மேல் பாயவில்லை. கடைக்காரர்கள் கதவை அரைவாசி திறந்து வைத்துக்கொண்டு புகையைப் பார்த்தார்கள். விமான நிலையத்தில் வேலை பார்க்கிற பிள்ளைகளைத் தேடித் தாய்மார் வீதியில் நின்றார்கள்.

மத்தியானம் சீருடைக்காரர்கள் வீடு வீடாக வந்தார்கள். அந்த அம்மா எங்களை அறைக்குள் இருக்கச் சொல்லிவிட்டு, கொப்பியையும் எங்கள் அட்டைகளையும் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு கேற்றுக்குத் தானே போனார். கேற்றைத் திறக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே ஒவ்வொன்றாகக் காட்டினார். நெடுநேரம் பேச்சு. கடைசியில் போய்விட்டார்கள்.

பிறகு குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார். 1989இல், தெற்கில் சிங்கள இளைஞர் கிளர்ச்சியை அரசு அடக்கிய காலத்தில், இதே வீதியில் பையன்களைக் கூப்பிட்டார்களாம். அரை மணி நேரம், ஒரு வாக்குமூலம், உடனே விட்டுவிடுவோம் என்று. கேற்றைத் தாண்டிப் போனவர்கள் திரும்பவில்லை. "அன்றிலிருந்து இந்த வீட்டுக் கேற்றுக்கு நான்தான் போவேன்." அவ்வளவுதான். தன் வீட்டுப் பிள்ளை யாராவது போனானா என்று நான் கேட்கவில்லை.

விமான நிலையத்தைத் திறந்த பிறகும் பயணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இருந்த விமானங்களுக்கு அடிபிடி. போர்க்காலக் காப்புறுதிக் கட்டணம் எகிறியதால் கப்பல்களும் விமானங்களும் இலங்கைப் பக்கம் வரத் தயங்கின. அந்த வருடம் நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்பார்கள். எங்களுக்கு அதெல்லாம் லொட்ஜ் வாடகைக் கணக்காகத்தான் தெரிந்தது. அந்த அம்மா ஒரு நாள் வாடகைகூடக் குறைக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

காத்திருந்த நாட்களில் ஒருநாள் ரத்தொலுவச் சந்தி வரை நடந்தேன். வீதியோரம் ஒரு சுவர், அதில் வரிசை வரிசையாகச் சின்னப் படங்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். எல்லாம் இளவட்டங்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள் போல, காது தெரிய, சிரிக்காமல். சிங்களப் பெயர்கள். 1989 ஒக்டோபர் 27ஆம் திகதி, வர்த்தக வலயத் தொழிலாளியான ரஞ்சித்தையும் அவருக்காக வழக்குப் பார்த்த லயனலையும் கடத்திக் கொன்று, இந்தச் சந்தியில்தான் எரித்தார்கள். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் 2000ஆம் ஆண்டில் அங்கே நினைவுச் சின்னம் எழுப்பின. வருடா வருடம் அதே திகதியில் தாய்மார் படங்களோடு வந்து கூடுவார்கள்.

யாழ்ப்பாணத்தில் அதே மாதிரிப் படங்களை ஏந்திக்கொண்டு கச்சேரி வாசலில் நின்ற தாய்மாரை எனக்குத் தெரியும். இந்த ஊரில் அப்படியொன்றை நான் எதிர்பார்க்கவில்லை. சிங்கள ஊர் என்றால் கிபிர் எழும்புகிற பக்கம் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

கொழும்பு–கட்டுநாயக்கா அதிவேக வீதியை 2013இல் திறந்தார்கள். அதுவும் ஒக்டோபர் 27ஆம் திகதிதான், தற்செயலாக. இப்போது விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் சீதுவைக்குள் வருவதில்லை. தங்கச்சி பிள்ளைகளோடு வந்தபோது வானை நான் பழைய வீதியால் விடச் சொன்னேன். அந்த அம்மா இருந்தார். முழங்கால் வருத்தம். லொட்ஜ் ஓடவில்லை என்று அறைகளை வலயத்துப் பெண்பிள்ளைகளுக்கு மாத வாடகைக்கு விட்டிருந்தார். முன் அறை மேசையில் ஒரு தடித்த கொப்பி கிடந்தது. இன்னும் எழுதுகிறீர்களா என்று கேட்டேன்.

"எழுதாமல்? ஆராவது கேற்றுக்கு வந்தால் நான் எதைக் காட்டுவது?" என்றார்.