பதினெட்டு வயசுல தீர்ப்பு எழுதாதீங்க

ஐஸ் ஹாக்கியில சென்டர்னா பாஸ் கொடுத்தா மட்டும் போதாதுங்க, கோலும் போடணும். 2019ல நியூ ஜெர்சி டெவில்ஸ் ஜாக் ஹியூஸை முதல் ஆளா எடுத்தப்போ அவருக்கு வயசு 18. முதல் சீசன்ல 61 ஆட்டம், வெறும் 7 கோல். இதுக்கா முதல் இடம்னு முணுமுணுப்பு.

டீம் அவசரப்படலை. 2021 நவம்பர்ல 8 வருஷத்துக்கு 6.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டாங்க. உடம்பும் தேறுச்சு, பாஸோட நிக்காம தானே அடிக்கிற துணிச்சலும் வந்துச்சு. 2022-23ல 43 கோல், 56 அசிஸ்ட். மொத்தம் 99 புள்ளி, அந்த டீம்ல யாரும் அதுவரைக்கும் ஒரே சீசன்ல எடுக்காதது!

திறமை முதல்லயே இருந்தது. கோச் கொடுக்க வேண்டியது ஆட நேரமும், தப்பு பண்ண அனுமதியும்தான். முதல் வருஷ நஷ்டத்தைப் பார்த்துக் கம்பெனியை மூடச் சொன்னா பி.காம்.லயே நமக்கு மார்க் போட மாட்டாங்க. பசங்களை மட்டும் ஏன் அப்படி எடை போடுறோம்?