சிவிங்கி அம்மாவின் காலை டிபன்

சஃபாரி என்றால் ரொம்ப நாள்வரை எனக்குத் தெரிந்தது சஃபாரி சூட் ஒன்றுதான். கல்யாணத்துக்கு மாமனார் எடுத்துக் கொடுத்தது. காப்பிக் கலர், நாலு பாக்கெட். அதைப் போட்டுக்கொண்டு எந்த ஆபீஸுக்குள் நுழைந்தாலும், யாரோ மேலதிகாரி இன்ஸ்பெக்ஷனுக்கு வந்துவிட்டார் என்று நாலு பேர் எழுந்து நிற்பார்கள். ஸ்வாஹிலி மொழியில் சஃபாரி என்றால் வெறும் 'பயணம்'தானாம். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூர் போனாலும் அது சஃபாரிதான்!

இதைச் சொன்னவன் நைரோபியில் வேலை பார்க்கும் மச்சினன். "அத்தான், ஆகஸ்ட்ல வாங்க. மசாய் மாரா கூட்டிட்டுப் போறேன்" என்று மூன்று வருஷமாக போன் போட்டுக்கொண்டிருந்தான். ஒருவழியாக கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி குத்திக்கொண்டு, பத்து நாள் கழித்துக் கிளம்பினோம். என் மனைவி ஒரு சூட்கேஸ் முழுக்கப் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நார்த்தங்காய் என்று அடைத்துக்கொண்டாள். "சிங்கமே அலைஞ்சு திரிஞ்சு சாப்பிடுற ஊருல நமக்கு யாரு சோறு போடப் போறா?" என்பது அவள் கட்சி.

மாரா காட்டின் பரப்பு 1,510 சதுர கிலோமீட்டர். காடு என்று சொல்கிறேனே தவிர, முக்கால்வாசி புல்தான். ஜூலையிலிருந்து வருஷக் கடைசிவரை வெளிநாட்டுக்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் தலைக்கு 200 டாலர். அதுவும் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரைக்கும்தான். ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மனைவி, "இந்தக் காசுக்கு சிங்கம் நம்ம மடியில வந்து உக்காரணும்" என்றாள்.

ஷேர் வண்டிதான். கூரையைத் தூக்கிவிட்டு, நின்றபடி வேடிக்கை பார்க்கிற மாதிரியான லேண்ட் க்ரூசர். எங்களோடு கோயம்புத்தூர்க்காரர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். கழுத்தில் இரண்டு கேமரா. அதில் ஒன்றின் லென்ஸ் எங்கள் வீட்டு இட்லிக் குண்டான் சைஸ். ஸ்டியரிங் பிடித்தவரே கைடும். மசாய் இனத்தவர். வீட்டில் நாலு பிள்ளைகள் என்று முதல் அரைமணி நேரத்திலேயே சொல்லிவிட்டார். ரோடு குலுக்கிய குலுக்கலில் எனக்கு முதுகெலும்பு இடம் மாறியபோது, "ஆப்பிரிக்கன் மசாஜ் ஸார், இது மட்டும் இலவசம்" என்றார்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் மண்டையைப் பிளக்கும் என்று யார் சொன்னது? இந்த இடம் கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பல் தந்தியடிக்கிறது. ஊட்டிக்கு வாங்கின குரங்குக் குல்லாய் கென்யாவில் பயன்பட்டது.

முதல் நாள் சிங்கம் பார்த்தோம். பார்த்தோம் என்றால், அது தூங்கியதைப் பார்த்தோம். ஒரு நாளைக்கு இருபது மணி நேரம்கூடத் தூங்குமாம். வேட்டையில் பெரும்பாலும் பெண் சிங்கங்கள்தான் பாடுபடும், ஐயா முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவார் என்று கைடு விளக்கினார். மனைவி பதிலே பேசவில்லை. என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். மச்சினன் அவசர அவசரமாகத் தூரத்து யானையை எண்ண ஆரம்பித்தான்.

அப்புறம் வில்டபீஸ்ட். மாட்டுத் தலை, ஆட்டுத் தாடி, குதிரை வால். மிச்சம் மீதியை வைத்து பிரம்மா செய்தது போல ஒரு மிருகம். லட்சக்கணக்கில் இருக்கிற இந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி புல்லைத் தேடி டான்ஸானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வருகிறது. எல்லை, விசா, 200 டாலர் ஒன்றும் கிடையாது.

இரண்டாம் நாள் காலையில்தான் அது நடந்தது.

கைடு சட்டென்று வண்டியை நிறுத்தினார். எனக்குப் புல் தெரிந்தது. அவருக்குப் புல்லுக்குப் பின்னால் இருந்த காது தெரிந்திருக்கிறது. கரையான் புற்று மேல் ஒரு சிவிங்கிப்புலி. நாம் சிறுத்தை என்பது வேறு, மரமேறும் ஜாதி. இது ஒல்லி உடம்பு. கண்ணிலிருந்து வாய்வரை அழுத மாதிரி கறுப்புக் கோடு. இந்தியாவில் இந்த இனம் அற்றுப்போய்விட்டதாக 1952-ல் அறிவித்தார்களே, 2022-ல் நமீபியாவிலிருந்து குனோவுக்குக் கொண்டுவந்தார்களே, அதேதான். காலடியில் மூன்று குட்டிகள். அம்மாவின் பார்வை தூரத்தில் மேயும் மான்கள்மேல்.

கைடு இன்ஜினை அணைத்துவிட்டார். "ரெண்டு நாளா வயிறு காலி, பாருங்க எப்படி ஒட்டிப்போயிருக்கு" என்று கிசுகிசுத்தார்.

அம்மா இறங்கி, தலையைத் தாழ்த்தி, ஒவ்வொரு காலாக வைத்துப் போனது. சிவிங்கியால் மணிக்கு நூறு கிலோமீட்டர்கூட ஓட முடியும். ஆனால் சில நூறு மீட்டர்தான் தாங்கும். அதற்குள் பிடிக்காவிட்டால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

அதற்குள் யாரோ ரேடியோவில் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. நாலு திசையிலிருந்தும் புழுதி. வண்டி மேல் வண்டி. ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது, பாதையை விட்டு இறங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. நான் எண்ணியபோது இருபத்திரண்டு. இரண்டு வண்டிகள் புல்லுக்குள் இறங்கி, மானுக்கும் சிவிங்கிக்கும் நடுவிலேயே போய் நின்றன. மான்கள் துள்ளி மறைந்தன. அம்மா நிமிர்ந்து நின்றது. குட்டிகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. நடுவில் டயர்கள்.

"நாமளும் கிட்டப் போலாம் ஸார், ஒரு குளோஸப் கூட எடுக்கலையே" என்றார் கோயம்புத்தூர்க்காரர். கைடு அசையவில்லை. "டிப்ஸ் நான் பாத்துக்கறேன்னு சொல்லுங்க" என்றார். மச்சினன் மொழிபெயர்க்கத் தயங்கினான். அதற்குத் தேவையும் இல்லை, டிப்ஸ் என்ற வார்த்தை எல்லா மொழியிலும் புரிகிறது. கைடு ஒரு நிமிஷம் ஸ்டியரிங்கைப் பார்த்தார். நாலு பிள்ளைகள் ஞாபகம் வந்திருக்கலாம்.

"ஏங்க, கிளம்பலாம்னு சொல்லுங்க" என்றாள் மனைவி. "ஒரு பொம்பளை பிள்ளைங்களுக்குச் சோறு போட உலை வைக்கிறா. வாசல்ல இருபது வண்டியில வந்து நின்னு பாத்தா அவ என்ன பண்ணுவா?"

கைடுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வண்டியைத் திருப்பிவிட்டார்.

வழியில் அவர் சொன்னது வயிற்றைக் கலக்கியது. சிங்கமும் கழுதைப்புலியும் பெரும்பாலும் ராத்திரியில் வேட்டையாடும். அவற்றுக்குப் பயந்துதான் சிவிங்கி பகலில் வேட்டைக்கு வருகிறது. அதே பகலில்தான் நாமும் போகிறோம். மாராவில் நடந்து, 2018-ல் வெளியான ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது. டூரிஸ்ட் கூட்டம் குறைவான பகுதியில் ஒரு தாய் சராசரியாக 2-க்கு மேல் குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. கூட்டம் அதிகமான பகுதியில் சராசரி 0.2. அதாவது ஐந்து தாய்க்கு ஒரு குட்டி. அதற்காக டூரிஸ்ட்டே வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. அந்த 200 டாலர் இல்லாவிட்டால் இவ்வளவு புல்வெளியை யாராவது சும்மா விட்டு வைப்பார்களா?

அன்று லாட்ஜில் மதியச் சாப்பாடு பிரமாதம். மனைவி மட்டும் புளிச்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அதுங்க சாப்பிட்டிருக்குமா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

மறுநாள் வண்டியில் ஏறியதும் அதையேதான் கைடிடம் கேட்கச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு ரேடியோவை எடுத்து ஸ்வாஹிலியில் ஏதோ விசாரித்தார். கரகரவென்று பதில் வந்தது.

"அம்மா நேத்து சாயங்காலம் ஒரு முயல் பிடிச்சாச்சாம். குட்டிங்க மூணும் பத்திரம்."

"எந்த இடத்துலயாம்?" என்று இட்லிக் குண்டானை மாட்டிக்கொண்டே கேட்டார் கோயம்புத்தூர்க்காரர்.

கைடு ரேடியோவை ஆஃப் பண்ணினார். "லைன் சரியில்லை ஸார்" என்றார்.