அடிகளுக்கு நடுவே உள்ள இடம்

டெத்கோர் என்ற மெட்டல் வகைப் பாட்டு மிக்ஸிங்குக்கு வந்தால் நான் முதலில் கேட்பது கிக் டிரம்மையும் பேஸையும்தான். ஏழு தந்திக் கிட்டாரின் தடித்த தந்தியை ‘ஏ’ சுரத்துக்கு இறக்கினால் அது 55 ஹெர்ட்ஸில் அதிரும். பேஸ் கிட்டார் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, 27.5இல். கிக் டிரம்மின் கனமும் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம்தான் இருக்கிறது. பந்தியில் ஒருவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால்தானே இன்னொருவருக்கு இடம்? இங்கே தள்ளி உட்கார வேண்டியது கிட்டார். நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதை வெட்டும்போது வாசித்தவரின் முகம் வாடும். தனியாகக் கேட்டால் கிட்டார் மெலிந்துதான் தெரியும். பேஸைச் சேர்த்துப் போட்டுக் காட்டியதும் அந்த வாட்டம் போய்விடும்.

அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 200 என்ற தாள வேகத்தில், ஒரு தாளத்துக்கு நாலு அடியாக, இரு காலாலும் கிக்கை அடிக்கும் டபுள் பேஸ் ஓடினால் விநாடிக்குப் பதின்மூன்று கிக் விழுகிறது. ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே 75 மில்லி விநாடி. 50 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை ஏறி இறங்கவே 20 மில்லி விநாடி ஆகிறது. நாலு அலைகூட முடியாமல் அடுத்த அடி வந்துவிடும். அதனால் வேகமான பகுதியில் கிக்கின் வாலை நறுக்கி, தோலில் கிக் மிதியின் பீட்டர் படும் ‘டக்’ ஒலியை முன்னால் கொண்டுவருவேன். கனத்தை அங்கே தேடிப் பயனில்லை.

கனம் பிரேக்டவுனில் வருகிறது. தாளம் பாதியாக விழுகிறது, அடிகள் விலகி நிற்கின்றன, ஒவ்வொரு கிக்கும் முழுதாக அதிர்ந்து அடங்க நேரம் கிடைக்கிறது. ஒலியளவை ஏற்றவே வேண்டாம். அதற்கு முந்தின பகுதியை ஒரு டெசிபெல் இறக்கினால் போதும், பிரேக்டவுன் தானாகப் பெரிதாகிவிடும்.

முதல் ஆல்பம் போட வரும் குழுக்களிடம் சூசைட் சைலன்ஸின் ‘தி கிளென்சிங்’ ஆல்பத்தைக் கேட்கச் சொல்வேன். கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் 2002இல் தொடங்கிய குழு அது. ஜான் டிராவிஸ் தயாரிப்பில் செஞ்சுரி மீடியா அதை 2007 செப்டம்பரில் வெளியிட்டது. தொடக்கத்துக்கும் முதல் ஆல்பத்துக்கும் நடுவே ஐந்து வருடம். ‘டிஸ்ட்ரக்‌ஷன் ஆஃப் எ ஸ்டாட்யூ’ என்ற பாட்டோடு அவர்களது சிறு வெளியீடு ஒன்று நடுவே 2005இல் வந்திருந்தது. கூட்டத்தின் முன்னால் வாசித்து வாசித்து, எங்கே நிறுத்தினால் எதிரே நிற்பவன் உடம்பு அசையும் என்று கண்டுகொண்டவர்களின் ஆல்பமாகத்தான் எனக்கு அது கேட்கிறது. ‘நோ பிட்டி ஃபார் எ கவர்ட்’ பாட்டில் வேகம் விழும் இடத்தைக் கேளுங்கள். இளைஞர்கள் அவ்வளவு பொறுமையாக வாசிப்பது இந்த வகையில் அபூர்வம்.

குழுவின் பாடகர் மிட்ச் லக்கரின் குரலுக்கும் அந்த ஆல்பத்தில் பெரும் பங்கு. குரல்நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்களை அதிரவைத்து எழுப்பும் உறுமலில் சுரம் மங்கிவிடும், இரைச்சல்தான் மிஞ்சும். அந்த இரைச்சல் கிட்டாரின் இரைச்சலோடு ஒரே இடத்தில் மோதும். லக்கர் உச்சியில் அலறுவார், சட்டென்று அடியில் உறுமுவார். அந்தத் தாவலே குரலைக் கிட்டாரிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. 2012 நவம்பர் 1 அன்று மோட்டார் சைக்கிள் விபத்தில், 28 வயதில் அவர் இறந்தார். அந்தக் குழுவோடு அவர் பாடியது மூன்றே ஆல்பங்கள். எனக்கு இன்றும் அது ஆறாத இழப்பு.

இப்போது வரும் புதுக் குழுக்கள் ஒரே பாட்டில் நாலு பிரேக்டவுன் வைத்துக்கொண்டு வருகின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஆழத்துக்கு வழுக்கி இறங்கும் ஒரு சப் டிராப் ஒலி, ஒவ்வொரு கிக்கும் அச்சில் வார்த்த ஒரே சாம்பிள். நான் மூன்றை எடுத்துவிடச் சொல்வேன். மிச்சமிருக்கும் ஒன்றில் சாம்பிளைத் தணித்து, டிரம்முக்குள் வைத்த மைக்கின் ஒலியை ஏற்றுவேன். டிரம்மர் ஓர் அடியை ஓங்கியும் அடுத்ததைச் சற்றுத் தளர்த்தியும் அடித்திருப்பார். அது அப்படியே ஆல்பத்தில் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.